சொல்பவர் அறிந்த உவமை

குறுந்தொகையில் இரண்டு பாட்டுகளில் மூங்கில் விசையோடு நிமிர்ந்து எழுகிறது. 54ஆம் பாட்டில் தினைப்புனம் காப்பவர்கள் கவண் வீசுகிறார்கள். அந்த ஓசைக்கு அஞ்சிய காட்டு யானை, வளைத்துப் பிடித்திருந்த பசுமூங்கிலைக் கைவிடுகிறது. மூங்கில், மீனை இழுத்தெடுக்கும் தூண்டிலைப் போல மேலே போகிறது. 74ஆம் பாட்டிலும் வானைத் தொட எழுவது மூங்கில்தான். ஆனால் அங்கே அது அவிழ்த்துவிட்ட குதிரையின் பாய்ச்சலுக்கு ஒப்பாகிறது. காட்சி ஏறக்குறைய ஒன்று, இரண்டும் குறிஞ்சித் திணைப் பாட்டுகள். உவமை மட்டும் வேறு.

பேசுபவர் யார் என்று பார்த்தால் காரணம் விளங்கும். முதற் பாட்டில் பேசுபவள் தலைவி. ‘நான் இங்கே இருக்கிறேன், என் நலம் அவனோடு அங்கேயே தங்கிவிட்டது’ என்பது அவள் சொல்ல வந்தது. யானை வந்து பற்றியது, ஓசை கேட்டு விட்டுவிட்டது. ஓசை எழுப்பியவர்களோ தினை காப்பவர்கள், அதாவது அவளுடைய ஊரார். மூங்கில் தன் பழைய நிலைக்கு மீண்டுவிட்டது, அவள் மீளவில்லை. தூண்டில் மேலெழும்போது அதன் நுனியில் நீரைப் பிரிந்த மீன் ஒன்று இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், அவள் தன்னைப் பற்றி நேராகச் சொல்லாத எல்லாம் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருப்பது தெரியும். இரண்டாவது பாட்டில் பேசுபவள் தோழி. தலைவனை ஏற்றுக்கொள்ளும்படி தலைவியின் மனத்தை இளக்குவது அவள் வேலை. அவனும் நம்மை விரும்பி, வேனிற்காலத்து எருதைப் போல மெலிந்துபோனானாம் என்று பரிந்து பேசுகிறாள். அவளுக்கு வேண்டியது இழப்பைச் சொல்லும் தூண்டில் அன்று, அடக்கமுடியாத வேட்கையைச் சொல்லும் குதிரை.

விசையோடு நிமிரும் ஒரு மூங்கிலை இருவர் இரண்டு விதமாகக் காண்கிறார்கள். கவிதையின் அணிகளைப் பற்றி நாம் பயிலும்போது இந்த ‘யார்’ என்ற கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பாட்டைக் கொடுத்து, இதில் பயின்றுவரும் அணியைச் சுட்டி விளக்குக என்று கேட்பதே நம் பள்ளித் தேர்வின் வழக்கம். உவமை, உவமேயம், உவம உருபு என்று மூன்றையும் பிரித்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். 54, 74 இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். இரண்டும் உவமையணி. பாட்டின் உயிர் இருக்கும் இடம் அந்த விடைக்கு வெளியே நின்றுவிடும்.

தொல்காப்பியம் இந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஏழாவதாக நிற்பது உவமவியல். வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படைகளில் உவமை பிறக்கும் என்கிறது அது. புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை, மழைபோலக் கொடுத்தான் என்றால் பயன், துடிபோன்ற இடை என்றால் வடிவம், பொன்போன்ற மேனி என்றால் நிறம். அன்ன, புரைய, மான, கடுப்ப, போல என்று உவம உருபுகள் பலவற்றை அடுக்கி, அவற்றுள் எட்டெட்டை ஒவ்வோர் அடிப்படைக்கும் உரியவையாகப் பங்கிட்டும் காட்டுகிறது. அந்தப் பங்கீட்டைச் சங்கப் பாட்டுகள் அப்படியே கடைப்பிடித்தன என்று சொல்லமுடியாது. என்றோ இருந்த ஒரு நுட்பமான வேறுபாட்டின் சுவடாக அது இருக்கலாம்.

உவமவியலில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொரு பகுதி. தலைவி உவமை சொன்னால் அது அவள் அறிந்த பொருளாக இருக்கவேண்டும் என்கிறது அந்த இயல். தோழி சொன்னால் தான் வாழும் நிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது. தலைவனுக்கு அந்தக் கட்டு இல்லை. அவனுடைய அறிவு வலிமை வெளிப்படும்படி அவன் பேசலாம். மற்றவர்களுக்கு இட வரையறை கிடையாது. இந்த நூற்பாக்கள் உள்ளுறை உவமத்தை, அதாவது ஒப்புமையை வெளிப்படச் சொல்லாமல் நிலக்காட்சிக்குள் மறைத்துவைக்கும் உவமையைப் பற்றியவை என்று உரையாசிரியர்கள் கொள்கிறார்கள். உவமை அழகாக இருக்கிறதா, புதிதாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா என்று இலக்கணம் கேட்கிறது. மலையில் வாழும் தோழியின் வாயில் கடற்கரைச் சுறாவை வைத்தால் அது புலவர் தம் குரலை அவளுக்கு இரவல் கொடுத்ததாகிவிடும். அகப்பாட்டில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி, செவிலி, பரத்தை என்று எப்போதும் ஒரு பாத்திரமே பேசுகிறது. ஆகவே உவமையும் அந்தப் பாத்திரத்தின் கண்ணிலிருந்தே வரவேண்டும்.

உள்ளுறை என்பது எங்கே வந்து அமர்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பெரும்பாலும் அது தலைவனை அழைக்கும் அழைப்புக்குள் இருக்கிறது. நாட, ஊர, சேர்ப்ப என்று அவனை அவனுடைய நிலத்தால் அழைப்பது மரபு. அந்த ஒரு சொல்லுக்கு முன்னால், அவன் நிலத்தில் மரம், விலங்கு, பறவை என்னென்ன செய்கின்றன என்று இரண்டு மூன்று அடிகள் வரும். இலக்கணப்படி அவை வெறும் அடைமொழி, மரியாதைக்குரிய விளி. கேட்பவனுக்கோ அதற்குள் குற்றச்சாட்டு கேட்கும், கெஞ்சல் கேட்கும், எச்சரிக்கை கேட்கும்.

கபிலர் பாடிய குறுந்தொகை 18ஆம் பாட்டு இதற்கு நல்ல சான்று. இரவில் வந்து தலைவியைச் சந்தித்துப் போகும் தலைவனை வழியில் மறித்துத் தோழி பேசுகிறாள். மணம் செய்துகொள் என்பதுதான் செய்தி. சிறு கொம்பில் பெரிய பலாப்பழம் தொங்குவதுபோல, இவள் உயிர் மிகச் சிறியது, காதலோ பெரியது என்கிறாள். எல்லோரும் மேற்கோள் காட்டும் வெளிப்படை உவமை இது. ஆனால் அதற்கு முன்பே, அவனை அழைக்கும்போதே, அவள் ஒரு பலாவைக் காட்டிவிட்டாள். அவன் மலையில் பலா வேரிலேயே காய்த்திருக்கிறது, அதைச் சுற்றி மூங்கில் வேலியும் இருக்கிறது. பழம் எவ்வளவு பெரிதானாலும் வேர்ப்பலாவுக்கு விழும் அச்சம் இல்லை, வேலி இருப்பதால் பறிபோகும் அச்சமும் இல்லை. உன் நாட்டுப் பலாவுக்கு உள்ள காவல் இவளுக்கு இல்லையே என்பதை அவள் சொல்லவில்லை. இரண்டு பலாக்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நிற்கிறாள். காம்பு இற்றுவிழப்போகும் பழத்தை வைத்துக்கொண்டு எத்தனை இரவு வந்துபோவாய் என்பது அவனுக்குப் புரிந்திருக்கும். பலா இருவர் வாழும் மலைக்கும் பொது. தோழி தன் நிலத்தை விட்டு ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை.

மருதத்துக்கு வந்தால் உள்ளுறை கூர்மையாகிறது. ஆலங்குடி வங்கனாரின் 8ஆம் பாட்டில் பேசுபவள் காதற்பரத்தை. தலைவனின் மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, மனைவிக்கு வேண்டியவர்களின் காதில் விழும்படி சொல்கிறாள். வயலோரத்து மாமரத்தில் விளைந்து தானே உதிர்ந்த பழத்தைப் பொய்கை வாளை கவ்வுகிற ஊரைச் சேர்ந்தவன் அவன் என்று தொடங்குகிறாள். மீன் மரமேறிப் பறிக்கவில்லை, பழம்தான் விழுந்தது. அவனை நான் மயக்கியதாகச் சொல்கிறார்களே, அவனாக வந்து விழுந்தால் நான் என்ன செய்வேன் என்பது உள்ளே இருக்கும் வழக்கு. இதை நேராகச் சொல்லியிருந்தால் தெருச்சண்டையாகியிருக்கும். அடுத்து வெளிப்படையான உவமை வருகிறது. எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டில் மகனைப் பெற்றவளுக்கு முன்னால், நாம் கையும் காலும் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையாகிவிடுகிறான். மறைக்கவேண்டியதை உள்ளுறையில் மறைத்து, எல்லோரும் சிரிக்கவேண்டியதை வெளியே வைத்திருக்கிறாள். இந்தப் பாட்டை உவமையணி என்ற ஒரே பெயரால் மூடிவிட்டால், இரண்டுக்கும் நடுவில் அவள் செய்த தேர்வு கண்ணில் படாமலே போய்விடும்.

உள்ளுறைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று நீளும் கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டே உள்ளுறை அமைக்கவேண்டும் என்கிறது தொல்காப்பியம். இந்த விலக்கு எனக்கு இயல்பானதாகவே படுகிறது. உள்ளுறையின் வேலை பெரும்பாலும் குறை சொல்வது, இடித்துரைப்பது, ஏங்குவது. நண்டையும் நாரையையும் எருமையையும் அந்த வேலைக்கு அனுப்பலாம். மருதத்தைப் பாடிய ஓரம்போகியார் ஐங்குறுநூற்றில் களவன் என்னும் நண்டுக்கும் எருமைக்கும் தனித்தனியே பத்துப் பாட்டுகள் ஒதுக்கியிருக்கிறார். தெய்வத்தை அப்படி அனுப்பமுடியாது.

இறைச்சி என்ற மற்றொரு கருவியும் கருப்பொருளில்தான் பிறக்கிறது. அதன் இலக்கணத்தைப் பற்றி உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதத்துக்குள் இங்கே போகத் தேவையில்லை. ஒரு செய்தி மட்டும் போதும். தலைவி வருந்தியிருக்கும் பொழுதில், விலங்குகளின் அன்பான செயல்களை இறைச்சியில் காட்டினால் அது அவளைத் தேற்றுவதாகும் என்கிறது தொல்காப்பியம். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாட்டில் தோழி அதைத்தான் செய்கிறாள். அவர் போன வழியில், பெண்யானையின் பசியைத் தீர்க்க ஆண்யானை யா மரத்தின் பட்டையை உரிக்கிறது என்கிறாள். யானை இவன், பிடி நீ என்று ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்க்கவேண்டியதில்லை. அந்தக் காட்சி அவன் கண்ணில் படும், பட்டால் அவன் மனம் இளகும், இளகினால் திரும்புவான். இங்கே காட்சி ஒப்பீடாக நிற்காமல் காரணமாக வேலை செய்கிறது. இப்படி வேலை செய்யும் ஒன்றை எந்த அணியின் பெயரால் அழைப்பது என்று தேடினால் பொருத்தமான பெயர் எளிதில் கிடைக்காது.

இதுவரை உள்ளுறையைப் பற்றிய விதியைச் சொன்னேன். என் கருத்து அதைவிடச் சற்று விரிந்தது. பேசுபவரின் அறிவுக்குள்ளேயே உவமை பிறக்கவேண்டும் என்ற உணர்வு, விதி பேசாத வெளிப்படை உவமைகளிலும் பரவலாக வேலை செய்திருக்கிறது. இதற்குச் சான்றாக நான் பார்ப்பது, தம் தொடராலேயே பெயர் பெற்ற புலவர்களின் பாட்டுகளை. செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், கல்பொரு சிறுநுரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார். இவர்களின் இயற்பெயர் தொகுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை, ஆகவே பாட்டில் ஒளிர்ந்த தொடரையே பெயராக்கினார்கள் என்பது பொதுவான கருத்து. பெற்றோர் இட்ட பெயர் போய், கண்டு சொன்ன ஒரு காட்சி ஆளுக்குப் பெயராக நின்றுவிட்டது. உவமை ஒருவரை அடையாளம் காட்டப் போதுமானது என்று தொகுத்தவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

இந்தப் பாட்டுகளைத் தலைவி பேசுபவை, தலைவன் பேசுபவை என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அணிலாடு முன்றிலாரின் 41ஆம் பாட்டில் தலைவி, காதலர் அருகில் இருந்தால் விழாக்கொண்ட ஊரைப்போல மகிழ்வேன் என்கிறாள். அவர் பிரிந்தால், பாலைவழிச் சிற்றூரில் மக்கள் கைவிட்டுப்போன வீட்டைப்போலப் பொலிவிழப்பேன் என்கிறாள். அந்த வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. ஆள் நடமாட்டம் இருந்தால் அணில் அங்கே அவ்வளவு துணிவாக இறங்காது. வெறுமையைச் சொல்ல அவள் ஓர் உயிரையே கொண்டுவருகிறாள். விழாவை விட்டுவிட்டு இந்த அணிலைத் தேர்ந்து பெயராக்கியவர் மிகத் தேர்ந்த வாசகராக இருந்திருக்கவேண்டும். குப்பைக் கோழியாரின் 305ஆம் பாட்டில் காவலுக்குள் அடைபட்ட தலைவி, குப்பைமேட்டில் தாமாகவே மூண்டு சண்டையிடும் கோழிகளை நினைக்கிறாள். போர்க்கோழி என்றால் விலக்கிவிட ஆள் இருக்கும். குப்பைக்கோழியை யாரும் விலக்கமாட்டார்கள், தானாக ஓய்ந்தால்தான் உண்டு. கல்பொரு சிறுநுரையாரின் 290ஆம் பாட்டில், காமத்தைப் பொறுத்துக்கொள் என்பவர்களுக்கு விடையாக, வெள்ளத்தில் கல்லில் மோதும் நுரைபோல மெல்லமெல்ல இல்லாமல் ஆகிறேன் என்கிறாள். முற்றம், குப்பைமேடு, விழா நடக்கும் தெரு, ஊரோரம் ஓடும் நீர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

தலைவன் பேசும்போது வெளி விரிகிறது. நற்றிணை 284ஆம் பாட்டில், திரும்பிப் போ என்னும் நெஞ்சுக்கும் வினையை முடி என்னும் அறிவுக்கும் நடுவில் அகப்பட்டவன், தன் உடம்பை இரண்டு களிறுகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறாகக் காண்கிறான். களிறுகளின் வலிமையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்லக்கூடிய உவமை அது.

ஓரேருழவனாரின் குறுந்தொகை 131ஆம் பாட்டு இன்னும் ஆழமானது. வினை முடித்த தலைவன், பருவம் வந்த வேளையில், அவள் இருக்கும் ஊர் நெடுந்தொலைவு என்று கலங்குகிறான். ஈரம் பட்டுப் பதமாகியிருக்கும் நிலத்தை வைத்துக்கொண்டு, ஒரே ஓர் ஏர் மட்டும் உடைய உழவன் துடிப்பதுபோல நெஞ்சு துடிக்கிறது என்கிறான். உழவு தெரிந்தவர்களுக்கு இந்தப் பதற்றத்தை விளக்கவேண்டாம். மானாவாரி நிலத்தில் மண் பதம் சில நாட்களே நிற்கும். வெயில் ஏறினால் கட்டிதட்டிவிடும். நாலைந்து ஏர் வைத்திருப்பவன் ஒரே நாளில் உழுது முடிப்பான், ஒற்றை ஏர்க்காரன் ஒரு மூலையை உழும்போதே மறு மூலை காய்ந்துகொண்டிருக்கும். இதோடு பாட்டு நடக்கும் காலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தலைவன் திரும்பிவருவதாகச் சொல்லிப்போகும் பருவம் வழக்கமாகக் கார்காலம். அந்த உழவனின் நிலத்தை நனைத்த மழையே தலைவன் கொடுத்த தவணையும் முடிந்துவிட்டது என்று சொல்கிறது. உவமைக்குள் இருக்கும் மழையும் அவன் தலைக்கு மேலே இருக்கும் மழையும் ஒன்று. அவன் உழவன் அல்லன், ஆனாலும் வழியெல்லாம் அந்த வயல்களைக் கடந்துதானே வரவேண்டும்.

என் கருத்துக்கு இடறலான பாட்டும் உண்டு. முதலில் சொன்ன 74ஆம் பாட்டின் குதிரை மலைநாட்டுப் பொருள் அன்று. தோழிதான் அதைச் சொல்கிறாள். வெளிப்படை உவமைக்கு அந்த நில வரையறை கிடையாது என்று இலக்கண வழியில் விடை சொல்லிவிடலாம். எனக்குத் தோன்றுவது வேறு. அந்தப் பாட்டில் அவள் தலைவனுக்காக வழக்காடுகிறாள், அவன் உலகத்துப் பொருள் அவள் பேச்சில் புகுந்திருக்கிறது. எல்லாப் பாட்டுக்கும் இப்படி விளக்கம் தேடிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். போக்கு இருக்கிறது, இரும்புவிதி இல்லை.

பிற்காலத்தில் தமிழில் நிலைபெற்ற அணியிலக்கணம் வேறொரு வழியில் வந்தது. பல்லவர் காலக் காஞ்சியில் வாழ்ந்த தண்டி வடமொழியில் எழுதிய காவியாதர்சம் அதன் ஊற்று. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரரின் வீரசோழியம் அணிக்கு ஒரு பகுதி ஒதுக்கியது. 12ஆம் நூற்றாண்டில் தண்டியலங்காரம் முழு நூலாகவே வந்து, தன்மை முதல் பாவிகம் வரை 35 பொருளணிகளை வகுத்தது. நம் பாடநூல்களில் உள்ள அணிகளின் பெயர்கள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. இதைக் குறைவாக மதிப்பிட எனக்கு மனமில்லை. உருவகத்தை உவமையிலிருந்து பிரித்ததும், வேற்றுப்பொருள் வைப்பு, தற்குறிப்பேற்றம், நிரல்நிறை என்று ஒவ்வொரு நுட்பத்துக்கும் பெயர் தந்ததும் பெரிய கொடை. பெயர் இருந்தால்தான் ஒன்றைச் சுட்டிப் பேசமுடியும்.

ஆனால் அந்த நூல் பிறந்தது காப்பியத்தை முன்னால் வைத்து. காப்பியத்தில் கதை சொல்லும் புலவரின் குரல் உண்டு. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் ஆடும் கொடிகள் வராதீர்கள் என்று கைகாட்டி மறுப்பவைபோல இருந்தன என்று இளங்கோ பாடுகிறார். தற்குறிப்பேற்றத்துக்கு எல்லோரும் காட்டும் சான்று இது. வரப்போகும் கொலை அந்த இருவருக்கும் தெரியாது, புலவருக்குத் தெரியும். கொடியைக் கையாகப் பார்ப்பது முன்னறிந்தவரின் கண். கோவலன் வாயில் இதே உவமையை வைத்திருந்தால் கதையே குலைந்திருக்கும். தற்குறிப்பு என்று பெயரிட்டாலும் அந்தக் குறிப்பு யாருடையது என்று அணிநூல் கேட்பதில்லை. காப்பியத்தில் அது பெரும்பாலும் புலவருடையதாகவே இருப்பதால் கேட்கவேண்டிய தேவையும் எழவில்லை. உள்ளுறைக்கு அணிநூலில் மிக நெருங்கிவரும் ஒட்டணியும் அப்படித்தான். சொல்லக் கருதியதை மறைத்து, அதைப் புலப்படுத்தும் வேறொன்றை மட்டும் சொல்வது அதன் இலக்கணம். மறைப்பவர் யார், அவருக்கு மறைக்கவேண்டிய நெருக்கடி என்ன என்பவை அதற்கு வெளியே நிற்கின்றன.

உவமவியலுக்கு உரை எழுதிய பேராசிரியருக்கு இந்த மாற்றம் உவப்பாக இல்லை. தொல்காப்பியம் உவமையிலும் பிற இயல்களிலும் சொன்ன சிலவற்றை எடுத்துக்கொண்டு, இவைதாம் செய்யுளுக்கு அணி என்று தம் காலத்தவர் தனி நூல் செய்வதை அவர் மறுத்துரைக்கிறார். சிலவற்றை அணி என்று பிரித்தால், செய்யுளின் மற்ற உறுப்புகள் அணியல்லாதவை ஆகிவிடுமா என்ற போக்கில் அவர் வாதம் செல்கிறது. பழமைப் பற்று என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. 18ஆம் பாட்டில் பலாவைத் தனியே கழற்றி எடுத்தால் ஓர் உவமை கையில் கிடைக்கும். நள்ளிரவும் மலைவழியும் அவனை மறித்து நிற்கும் தோழியும் அதோடு வரமாட்டார்கள்.

வகுப்பறையில் இதற்குப் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. அணியின் பெயரைக் கேட்கும் வினாவுக்குக் கீழே இன்னும் இரண்டு வினாக்கள் சேர்க்கலாம். இந்த உவமையைச் சொல்பவர் யார், அவர் இந்தப் பொருளை எங்கே பார்த்திருப்பார்? இரண்டுக்கும் மனப்பாட விடை கிடையாது. குப்பைக்கோழிப் பாட்டை எடுத்துக்கொண்டால், காவலில் இருக்கும் பெண் வாசலில் நின்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாள், சண்டை தானாக ஓய்வதுவரை ஏன் நின்றாள் என்று மாணவர் யோசிக்கவேண்டிவரும். திணை, கூற்று, கருப்பொருள் என்று தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை அந்த யோசனையின்போது ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.